இழுக்கவும் சுமக்கவும் ஒரு பழைய வண்டி: வாங்கும் முன் 24 குறிப்புகள்

கேரவன் என்றால் நமக்குச் சினிமாக்காரர்களின் ஓய்வு வண்டிதான் நினைவுக்கு வரும். குடும்பமே ஒரு வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது இங்கே இன்னும் அரிது. ஆனாலும் அந்த வேலையை நம் வண்டிகள் வேறு விதத்தில் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆடி மாதத்தில் பாய், அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு பெரியபாளையத்துக்குப் போகிற வண்டி பாதி கேரவன்தான். சிறிய டிரெய்லர் ஒன்றைக் கட்டி இழுத்து, விடுமுறை நாளில் டிபன் கடை போடலாமா என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இப்படி ஒரு பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே விதிதான்: முதலில் எடை, பிறகுதான் விலை. அதை ஒட்டியே இந்தக் குறிப்புகள்.

எடைக் கணக்கு

1. வண்டி பார்க்கப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஏற்றப்போவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பெரியவர்கள் 5 பேர் தலைக்கு 65 கிலோ, பிள்ளைகள் 2 பேர் தலைக்கு 30 கிலோ என்றால் ஆட்கள் மட்டும் 385 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, 40 கிலோ. பெட்டி படுக்கை 60 கிலோ, அடுப்பும் பாத்திரமும் 30 கிலோ. கூட்டினால் 515 கிலோ. கூரைக் கேரியரில் கட்டுவதையும் விட்டுவிடாதீர்கள்.

2. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று வெற்று எடை. மற்றது ஆளும் சாமானும் சேர்த்துத் தாங்கக்கூடிய உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. வெற்று எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், உச்ச எடையை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். ஏழு இருக்கை இருப்பதாலேயே ஏழு பேரையும் அவர்கள் சாமானையும் சேர்த்துத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தாளில் உள்ள தொகை அந்த வித்தியாசத்தை நெருங்கினாலே அடுத்த வண்டியைப் பாருங்கள்.

3. எடை மேடைக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பழைய இரும்பும் கம்பியும் லாரி லாரியாக வந்து போவதால் கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பல இடங்களில் மேடை உண்டு. வண்டியை வாங்கியதும், ஊருக்குப் போவதுபோலவே ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒரு முறை மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். பிறகு பின்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தித் தனியாக ஒரு சீட்டு வாங்குங்கள். பின்னச்சில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

4. டிரெய்லரோ கேரவனோ இழுக்கும் எண்ணம் இருந்தால் அதன் எடையைச் சாமானோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கேரவன் இழுப்பது பரவலாக உள்ள பிரிட்டனில், இழுக்கப்படுவதன் மொத்த எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று புதியவர்களுக்குச் சொல்வார்கள். 1,600 கிலோ வண்டிக்கு அது 1,360 கிலோ. வண்டித் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்தக் குறைந்த அளவே உங்கள் எல்லை. கையேட்டில் இழுவை எடை பற்றி எதுவுமே இல்லை என்றால் அந்த மாடலை இழுவைக்கு எடுக்காதீர்கள்.

5. கொக்கியின் மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடையும் காரின் கணக்கில்தான் சேரும். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் இருக்கட்டும் என்பது பிரிட்டன் வழக்கம். கனமான சாமானை டிரெய்லரின் வால் பக்கம் வைத்தால் மூக்கு லேசாகி, வேகம் எடுத்ததும் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும். காரையும் சேர்த்து இழுத்துவிடும். தண்ணீர் டிரம், அடுப்பு போன்றவற்றை டிரெய்லரின் அச்சுக்கு மேலாக அல்லது சற்றே முன்னால், தரையோடு தாழ்வாக வையுங்கள்.

எந்த வண்டி?

6. இழுக்கவும் அதிகம் சுமக்கவும் வேண்டும் என்றால், தனிச் சேஸிஸ் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்து, பின்சக்கரம் தள்ளும் வண்டிகளை முதலில் பாருங்கள். குவாலிஸ், பழைய இன்னோவா, இன்னோவா கிரிஸ்டா, டவேரா, சுமோ, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சைலோ எல்லாம் இந்த ரகம். பின்னால் பாரம் ஏறும்போது பின்சக்கரத்தின் பிடி கூடும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதே பாரம் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஈரச் சாலையில் மேடு ஏறினால் சக்கரம் வீணாகச் சுழலும். 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர வண்டி. பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

7. இழுக்கவே போவதில்லை, குடும்பம் மட்டும்தான் என்றால் எர்டிகா போன்ற வண்டி போதும். மைலேஜ் கிடைக்கும், நகரத்துக்குள் திருப்புவது எளிது. நான்கைந்து பேர் சிறுவாபுரி போய்வரவும், வாரநாளில் கடைச் சரக்கு எடுக்கவும் ஈகோ மலிவான தேர்வு. 2019-ல் உற்பத்தி நின்ற ஆம்னி இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 796 சி.சி. என்ஜினில் நெடுஞ்சாலைப் பயணமும் அதிக பாரமும் சேர்ந்தால் திணறும்.

8. உதிரி பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் கடைசியில் விலை கூடிவிடும். திருவள்ளூரை அடுத்த ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த மிட்சுபிஷி பஜேரோ, இழுவைக்குப் பெயர் பெற்ற வண்டி. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் இன்று அதற்குப் பாகம் தேடி அலைய வேண்டும். ஷெவர்லே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2022-ல் மறைமலை நகர் ஆலையை நிறுத்தியது. இவற்றை வாங்குவதானால், கிளட்ச் செட், ரேடியேட்டர், டர்போ மூன்றுக்கும் விலையும் கிடைக்கும் நாளும் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

9. இழுவை உங்கள் தொழிலாகவே ஆகப்போகிறது என்றால் பிக்கப் ரகத்தையும் பாருங்கள். ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் இசுஸு ஆலை 2016 முதல் டி-மேக்ஸ் வண்டிகளைத் தயாரிக்கிறது. பழையதாக வாங்கும்போது அது தனிநபர் வண்டியாகப் பதிவானதா, சரக்கு வண்டியாகப் பதிவானதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். வரி, எஃப்.சி., காப்பீடு மூன்றுமே அதைப் பொறுத்து மாறும்.

10. இழுவைக்கு டீசல் நல்லது. குறைந்த சுற்றிலேயே அதிக விசை தரும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது அவ்வப்போது சூடேறி எரிந்து சுத்தமாக வேண்டும். வீட்டிலிருந்து சிப்காட் கேட் வரை தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. உங்கள் தினசரி ஓட்டம் குறைவு, இழுவையும் எப்போதாவதுதான் என்றால் பெட்ரோல் வண்டியே நிம்மதி.

எங்கிருந்து வருகிறது?

11. தொழிற்பேட்டைப் பகுதியில் விலைக்கு வரும் இன்னோவா, டவேராக்களில் பல, கம்பெனி கான்ட்ராக்டில் ஆள் ஏற்றி இறக்கியவை. மூன்று ஷிப்டுக்கும் ஓடிய வண்டி சில ஆண்டுகளில் பல லட்சம் கிலோமீட்டர் பார்த்திருக்கும். டி போர்டை ஓன் போர்டாக மாற்றி, மீட்டரையும் குறைத்து விற்பது நடக்கிறது. ஆர்.சி. விவரத்தில் பழைய வகையைக் கேளுங்கள். மீட்டர் குறைவாக இருந்தும் ஓட்டுநர் இருக்கையின் ஓரம், கியர் குமிழ், பிரேக் பெடல் ரப்பர் ஆகியவை வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

12. நம் திருவள்ளூர் மாவட்டம் எல்லை மாவட்டம் என்பதால் ஆந்திரா நம்பர் வண்டிகள் நிறைய வரும். பழைய பதிவுகளில் ஏ.பி. 26 நெல்லூர், ஏ.பி. 03 சித்தூர், 2019-ல் அந்த மாநிலம் முழுதுக்கும் ஏ.பி. 39 வந்தது. வெளிமாநில வண்டிக்கு அங்கிருந்து என்.ஓ.சி. வர வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் எடுத்தாக வேண்டும். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அங்கிருந்து வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்து, உள்ளூர் வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

13. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விலக்குங்கள். 2015 டிசம்பர் மழையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் ஏராளமான வண்டிகளைத் தண்ணீரில் நிறுத்தின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளக் கம்பியில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் கோடு, மட்கிய வாடையை மறைக்கும் அளவுக்குத் தூக்கலான வாசனைத் திரவம் இவையும் அடையாளங்கள்.

14. பழவேற்காடு, எண்ணூர் பக்கத்து வண்டியைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். உப்புக் காற்று சேஸிஸை அடியிலிருந்து தின்னும். மேலே புது பெயின்ட் மின்னினாலும், பின்னச்சுக்கு மேலே உள்ள சட்டம், பிரேக் குழாய்கள், ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொக்கிகள் இவற்றில் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் கைவிடுங்கள். கொக்கி போட்டு இழுக்கும்போது முழு விசையும் அந்தப் பின்சட்டத்தின் மேல்தான் விழும்.

ஓட்டிப் பார்க்கும்போது

15. காலையில், வண்டி ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் வேறு நாள் கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் கசிவோ இன்ஜெக்டர் கோளாறோ இருக்கலாம். கருப்புப் புகை எரிபொருள் சரியாக எரியாததைக் காட்டும். என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்; புகை பொங்கி வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ ஆரம்பித்துவிட்டது.

16. ஏற்கெனவே பாரம் இழுத்த வண்டியில் முதலில் தேய்வது கிளட்ச். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

17. தட்டையான சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டு, திருத்தணி மலைப்பாதையில் ஏற்றிப் பாருங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டக் கூடாது. இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ ஸ்டியரிங் நடுங்கினாலோ பிரேக் டிஸ்க், டிரம் வேலை பாக்கி இருக்கிறது. விற்பவர் மலைக்கு மறுத்தால் நெடுஞ்சாலை மேம்பாலத்திலாவது மூன்றாம் கியரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

18. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். வெறும் வண்டியிலேயே வால் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை களைத்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஆறு ஆண்டு தாண்டிய டயரில், பட்டன் நன்றாக இருந்தாலும், பாரம் ஏற்ற வேண்டாம். அளவை அடுத்து வரும் எண் தாங்கும் எடை: 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. எடை மேடைச் சீட்டோடு இதை ஒப்பிடுங்கள்.

19. பின்னால் ஏற்கெனவே கொக்கி இருந்தால் அது எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பம்பரில் வெல்டிங் வைத்த கொக்கி நடுவழியில் கழன்றுவிடும். சேஸிஸ் சட்டத்தில் போல்ட் போட்டதுதான் கணக்கு. நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்குக் குறைவில்லை, கேட்டதைச் செய்து தருவார்கள் என்பதற்காக சேஸிஸில் நீங்களாக எதையும் பற்ற வைக்காதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். முன்பக்க இரும்புக் கிராஷ் கார்டு இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதைச் சட்டமீறல் என்று அறிவித்துவிட்டது.

காகிதமும் காசும்

20. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி., காப்பீடு, ஃபைனான்ஸ் விவரம் கிடைக்கும். அபராத நிலுவையைத் தனியாகப் பாருங்கள். ஃபைனான்ஸ் காட்டினால் ‘கட்டியாச்சு’ என்ற வாய்ப்பேச்சு போதாது. கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். கன்சல்டிங்கில் வாங்கினால் அவர்களுடைய அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

21. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய அன்றே விண்ணப்பியுங்கள். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதனால் இது விற்பவருக்கும் நல்லதுதான். அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். திருவள்ளூர் டி.என். 20, செங்குன்றம் டி.என். 18, உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

22. காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. பிரீமியம் அதற்கேற்பக் கூடும். அவருடைய ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லி, உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். நல்லூர், பட்டரைபெரும்புதூர் சுங்கச்சாவடிகளில் உங்கள் பயணத்துக்கு அவர் கணக்கில் பணம் போனால் இருவருக்கும் மனக்கசப்பு. டிரெய்லர் வாங்கினால் அதற்குத் தனிப் பதிவும் தனிக் காப்பீடும் வேண்டும். பட்டறையில் செய்த டிரெய்லருக்கு வகை ஒப்புதல் இல்லாமல் நம்பர் கிடைக்காது.

23. வண்டியின் வயதை விலையில் சேருங்கள். தனிநபர் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பு. காருக்கான நீட்டிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 20 ஆண்டு தாண்டிய குவாலிஸையும் 14 ஆண்டு ஆன சுமோவையும் பேரம் பேசும்போது இந்தத் தொகையைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம்.

24. கையில் உள்ள பணம் முழுவதையும் விலையில் போட்டுவிடாதீர்கள். ஆறில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி, மீதி 50,000 வேலைக்கு. வாங்கிய வாரமே என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், பின்னச்சு ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு எடை மேடை, அதன் பிறகு 100 கிலோமீட்டருக்குள் ஒரு வெள்ளோட்டம். டிரெய்லர் இழுப்பவர்கள் முதலில் வெறும் டிரெய்லரோடு, ஆளில்லாத மைதானத்தில் பின்னோக்கி எடுத்துப் பழகிவிட்டு, அதற்குப் பிறகே நெடுஞ்சாலைக்கு வாருங்கள்.